கணிப்பொறியின் கடிகாரம் பிழைபடும்போது

(வெள்ளி விழாவையொட்டிச் சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெள்ளி விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, கல்வியின் பெருமையைக் குறித்துப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அப்பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். ஆதலின் நான் மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலுள்ள கணிப்பொறி நாளையும் நேரத்தையும் தவறாகக் காட்டினால் அதை எவ்வாறு சீர்செய்வது என்பதே அப்பொருள். சிலருடைய முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்ற பள்ளித் தலைமையாசிரியனுக்குக் கணிப்பொறியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நினைப்பது சரியே. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, இதே படிப்பகத்தில் படித்து இன்று கணிப்பொறி பழுது பார்க்கும் தொழில் செய்துவரும் தம்பி ஒருவரிடம் நான் கற்றது. மாணவனிடம் ஆசிரியன் கற்றுக்கொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. எனினும் நாளும் தேதியும் வரலாற்று ஆசிரியனுடைய பிழைப்பு. அந்த உரிமையில் பேசுகிறேன்.

இதனை நான் கற்க நேர்ந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

2013ஆம் ஆண்டு. அப்போது நான் பட்டதாரி ஆசிரியனாக இருந்தேன். நம் பகுதியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்புத் தேறிக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பெயர் வேண்டா. தாயார் சித்தாள் வேலைக்குச் செல்பவர். அண்ணன் நகரத்துக் கடையொன்றில் பழைய கணிப்பொறி ஒன்றைத் தவணைக்கு வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தான். கல்வி உதவித்தொகைக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இறுதி நாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. அந்தத் தளத்தை அவள் திறக்கும்போதெல்லாம் ஆங்கில அறிவிப்பு ஒன்று திரையில் வந்து நின்றது. ‘இத்தளம் அளித்துள்ள பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அல்லது அது செல்லத்தக்க காலம் இன்னும் தொடங்கவில்லை’ என்பது அதன் கருத்து. அந்த நீண்ட வாக்கியத்தில் அவள் கண்ணில் பட்டவை இரண்டே சொற்கள். ஒன்று சர்டிபிகேட், மற்றொன்று எக்ஸ்பயர்டு.

இணையத்தளத்திற்கும் சான்றிதழ் உண்டு என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை. நம் வீடுகளில் சான்றிதழ் என்றால் அதற்குப் பொருள் வேறு. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் காத்துக் கிடந்து பெற்று, நெகிழி உறையிலிட்டு, பெட்டியின் அடியில் துணிகளுக்கு இடையே வைத்துக் காக்கும் தாள் அது. செல்லாது என்று கணிப்பொறி சொன்னது வருமானச் சான்றிதழையா, சாதிச் சான்றிதழையா என்று விளங்காமல், இரண்டையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு தாயும் மகளும் இரண்டு நாட்கள் அலைந்தார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. அலுவலகத்தில் இருந்தவர்கள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களும் வேறென்ன செய்வார்கள்? மூன்றாம் நாள் மாலை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “சார், என் சர்டிபிகேட் செல்லாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது சார்” என்றாள்.

நானும் முதலில் அவளுடைய தாள்களைத்தான் வாங்கிப் பார்த்தேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். முத்திரை இருக்கிறதா, கையொப்பம் இருக்கிறதா என்று தேடினேன். குற்றம் நம் பக்கமே இருக்கும் என்று எண்ணுவது எனக்கும் பழக்கமாகிப்போயிருந்தது. அப்போது பல தொழில்நுட்பப் பயிலகத்தில் படித்துக்கொண்டிருந்த நான் சொன்ன அந்தத் தம்பி எங்களோடு வந்தார். திரையிலிருந்த அறிவிப்பை அவர் படிக்கக்கூட இல்லை. திரையின் கீழ் வலப்புற மூலையைப் பார்த்தார். “சார், இந்த வீட்டில் இன்னும் 2002ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிதான்” என்றார்.

அவர் விளக்கியது இது. நாம் எழுதும் விவரங்களை இடையில் வேறொருவர் படித்துவிடாதபடி காக்கும் இணையத்தளம் ஒவ்வொன்றும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அது மின்னணுச் சான்றிதழ். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கும். நம் கணிப்பொறி அந்த நாட்களைத் தன்னுடைய கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2002இல் நிற்கும் கடிகாரத்திற்கு, 2013இல் செல்லும் சான்றிதழ் இன்னும் பிறவாத குழந்தை. ஆகவே கதவை மூடிக்கொள்ளும். தளத்தில் பழுதில்லை, விண்ணப்பிப்பவரின் தாள்களிலும் பழுதில்லை. அந்தப் பெண்ணின் சாதியையோ வருமானத்தையோ அந்த இயந்திரம் கேட்கும் இடத்திற்கே வந்து சேரவில்லை.

அவள் கல்லூரிக்காகத் தட்டச்சு செய்து சேமித்த கட்டுரைகள் அத்தனையிலும் 1-1-2002 என்றே தேதி பதிந்திருந்தது. அந்தத் தேதியில் அவளுக்கு வயது ஐந்து, அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்திருப்பாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய தாயாருக்கு மட்டும் வரவில்லை.

இனிக் காரணத்திற்கு வருவோம். கணிப்பொறியை நிறுத்திய பிறகும் அதனுள்ளே ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தனியாள் கணிப்பொறியில் அத்தகைய கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன என்று அது கேட்கும்; பதில் சொல்லாமல் விட்டால் 1980ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். 1984இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. என்னும் கணிப்பொறியில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் இடம்பெற்றது. இன்று நம் வீடுகளில் உள்ள மேசைக் கணிப்பொறிகள் அதன் வழித்தோன்றல்களே.

அக்கடிகாரத்தின் உயிர் ஒரு சிறு குவார்ட்சுப் படிகம். அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் ஏன் என்று கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் கேட்கலாம். இதனைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, இவ்வாறு பதினைந்து முறை செய்தால் மீதியின்றி ஒன்று வரும். விநாடிக்கு ஒரு துடிப்பு. உங்கள் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான். இத்தகைய படிகம் நாளொன்றுக்கு ஓரிரு விநாடி முன்பின்னாகப் போகலாம். மாதத்திற்கு ஒரு நிமிடம் பிசகலாம். ஒரே இரவில் பதினோர் ஆண்டுகள் பின்னோக்கி ஓடாது. அவ்வாறு ஓடியிருந்தால் கடிகாரம் மெதுவாகப் போகவில்லை, நின்றே போயிருக்கிறது என்று பொருள். பிழையின் அளவை முதலில் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்குமுன் மருத்துவர் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார் அல்லவா?

ஆண்டே மாறிப்போயிருந்தால், அதிலும் ஒவ்வொரு நாளும் திருத்திய பின் மறுநாள் காலையில் மீண்டும் பழைய தேதிக்கே போய்விட்டால், பெரும்பாலும் குற்றம் பேட்டரியுடையது. இயங்கத் தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகள் வந்து, எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லுவதும் இதன் அறிகுறியே. பல வீடுகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக அந்த விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அது கணிப்பொறிக்குச் செய்யும் காலை வணக்கம் என்று எண்ணிவிட்டார்கள் போலும். அந்த எழுத்துகளை ஒரு முறையேனும் படியுங்கள்.

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில், பழைய நாலணாக் காசின் அளவில் வெள்ளி நிறத்தில் வட்டமாக இருப்பதே அந்தப் பேட்டரி. சி.ஆர். 2032 என்று அதன் முகத்தில் எழுதியிருக்கும். இருபது மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதையே அந்த எண் சொல்கிறது. மூன்று வோல்ட் மின்சாரம் தரும். கைக்கடிகாரக் கடைகளிலும் மின்பொருள் கடைகளிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். நான் சொன்ன மாணவியின் அண்ணன் ஏற்கெனவே ஒரு கடையில் விசாரித்தபோது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று சில ஆயிரம் ரூபாய் கேட்டார்களாம். பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டு அவன் அந்தக் கடையை நினைத்துக்கொண்டது எவ்வாறு என்பதை இந்த மேடையில் சொல்ல இயலாது.

இந்தப் பேட்டரி பொதுவாகப் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் நம் வீடுகளில் அது விரைவில் தீர்ந்துவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மேசைக் கணிப்பொறியை நிறுத்திய பின்னும் சுவரிலுள்ள ஸ்விட்ச் போட்டபடி இருந்தால், கடிகாரத்திற்கு வேண்டிய சிறிதளவு மின்சாரம் அதன் வழியே வந்துவிடும், பேட்டரி ஓய்வெடுக்கும். நாமோ மின்கட்டணத்திற்கும் இடிமின்னலுக்கும் அஞ்சிச் சுவர் ஸ்விட்சையும் நிறுத்திவிடுகிறோம். மின்வெட்டு வேறு. அத்தனை மணி நேரமும் பேட்டரியே கடிகாரத்தைச் சுமக்கிறது. நிறுத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. இடி இடிக்கும்போது பிளக்கையே பிடுங்கிவிடுவதுதான் நல்லது. அவ்வாறு செய்பவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அறிந்திருந்தால் போதும்.

மாற்றும் முறை எளிது. ஆயினும் அவசரம் கூடாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பிறகு இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் பக்க மூடியைத் திறந்து, வேறெதையும் தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். பேட்டரியைப் பிடித்திருக்கும் சிறு கொக்கியை நகத்தால் விலக்கினால் அது தானே எழும்பும். திருப்புளியால் நெம்ப வேண்டா. எழுத்துள்ள பக்கம், அதாவது கூட்டல் குறியுள்ள பக்கம், மேலே தெரியும்படி புதியதை அமர்த்த வேண்டும். மடிக்கணினியாயின் இதை நீங்களே செய்ய முனையாதீர்கள். அதில் பேட்டரி இருக்கும் இடமும் இணைப்பும் வகைக்கு வகை மாறும், சிலவற்றில் தனிப் பேட்டரியே இராது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. கழற்றிய பேட்டரியைச் சன்னல் விளிம்பில் வைத்து மறந்துவிடாதீர்கள். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே குழாயைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அவ்வாறு செய்யவல்லது. விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே, தானாக வெளியேறிவிடும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பேட்டரி மாற்றிய பின் முதல் முறை இயக்கும்போது எஃப் 2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரை வரும். எந்த விசை என்பதைத் திரையே சொல்லும். அங்கே நாளையும் நேரத்தையும் பதித்துச் சேமிக்க வேண்டும். மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கம் அங்கே இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். நாம் மார்ச்சு நான்கு என்று எண்ணி எழுதியதை அது ஏப்ரல் மூன்றாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்த வகை நோய்க்குப் பேட்டரி காரணமன்று. ஆண்டும் மாதமும் சரி. நேரம் மட்டும் பல மணி தவறாக இருக்கும். விண்டோசைப் புதிதாகப் பதித்துத் தரும் சிலர், நேர மண்டலம் என்ன என்று கேட்கும் இடத்தில் இருந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் அமெரிக்காவின் மேற்குக் கரை நேரம் இருக்கும். நமக்கும் அதற்கும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி வேறுபாடு. அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் அப்போது பன்னிரண்டரை மணி. இந்தக் கோடைக் கணக்கில் ஒரு வஞ்சனை உண்டு. இங்கே காலை ஒன்பதரை என்றால் அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பது. காலை, இரவு என்னும் குறிப்பைக் கவனியாதவருக்குக் கடிகாரம் அரை மணி மெதுவாக ஓடுவதாகவே தோன்றும். அரை மணியை மட்டும் தள்ளிவைத்துவிட்டுப் போவார். தேதி ஒரு நாள் பிந்தியிருப்பது கண்ணிலேயே படாது.

மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் கையால் திருத்துவது நோயை மறைப்பதாகுமே ஒழியத் தீர்ப்பதாகாது. நம் கண்ணுக்கு நேரம் சரியாகத் தெரியும். ஆனால் இயந்திரம் தன்னை அமெரிக்காவில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, உலகப் பொது நேரத்தைத் தவறாகக் கணக்கிடும். இணையத்தோடு ஒத்திசைந்தவுடன் மீண்டும் பழைய பிழைக்கே திரும்பிவிடும். ஆகையால் வரிசை இது: முதலில் மண்டலம், பிறகு தேதி, அதன் பிறகு நேரம். திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தின் மீது சுட்டெலியின் வலப் பொத்தானை அழுத்தினால் திருத்தும் வழி கிடைக்கும். மண்டலப் பட்டியலில் 5.30 என்னும் எண்ணுக்கு எதிரே சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று நான்கு நகரங்களின் பெயர்கள் இருக்கும். அகர வரிசையின் தயவால் சென்னை முதலில் நிற்கிறது.

இந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது? வரலாற்று ஆசிரியன் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பூமி பதினைந்து பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகிறது. கிழக்கே எண்பத்திரண்டரைப் பாகையில், உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் வழியே செல்லும் கோட்டை நாம் அடிப்படையாகக் கொண்டோம். எண்பத்திரண்டரையைப் பதினைந்தால் வகுத்துப் பாருங்கள். 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரயில்கள் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தைக் கொண்டு ஓடின. அது இன்றைய நேரத்திற்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கியது. இன்று நாட்டின் நேரத்தைத் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காத்துவருகிறது.

அந்த ஐந்தரை மணியே ஒரு நோயின் அடையாளமும் ஆகும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அரசிடமிருந்து பெற்ற மடிக்கணினிகள் சிலவற்றில் விண்டோசும் லினக்சும் ஒருங்கே இருந்தன. ஒன்றில் வேலை செய்துவிட்டு மற்றொன்றுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி மாறியிருக்கும். பேய் புகுந்துவிட்டது என்று ஒரு மாணவன் சொன்னான். பேயொன்றும் இல்லை. உள்ளே இருக்கும் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது என்று லினக்ஸ் எடுத்துக்கொண்டு, அதனோடு ஐந்தரையைக் கூட்டுகிறது. ஒரே சுவர்க் கடிகாரத்தை இரண்டு விதமாகப் படிக்கும் இரண்டு அண்ணன் தம்பிகள். ஒருவரை மற்றவர் வழிக்குக் கொண்டுவந்துவிட்டால் சச்சரவு தீர்ந்தது; உள்ளூர் நேரத்தையே ஏற்றுக்கொள் என்று லினக்சுக்கு ஒரு வரிக் கட்டளை போதும்.

சில நிமிடப் பிழை மட்டும் இருந்தால் இணையத்தோடு ஒத்திசைக்கச் சொல்வதே போதுமானது. நேரத்தைத் தானாக அமைத்துக்கொள் என்னும் பொத்தானை இயக்கிவிட்டால் கணிப்பொறி வலையமைப்பின் வழியே நேரத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். இதற்கான முறையை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1985இல் அது முதன்முதலாக ஏட்டில் வெளியிடப்பட்டது. இதனையே எப்போதும் நம்பியிருக்கலாமே, பேட்டரி எதற்கு என்று கேட்பீர்கள். பிழை மிகப் பெரிதாக இருந்தால் விண்டோஸ் ஐயம் கொண்டு திருத்த மறுத்துவிடுவதுண்டு. பல ஆண்டுகள் தள்ளிப்போன தேதியை முதலில் நாமே ஏறத்தாழச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே ஒத்திசைக்கச் சொல்ல வேண்டும். அந்த மாணவியின் வீட்டிலும் ஒத்திசைவு இயக்கத்தில்தான் இருந்தது, பயனில்லை.

இன்னும் ஒன்று. சான்றிதழ் அறிவிப்பு வரும்போது, பரவாயில்லை, மேலே தொடர்க என்னும் பொத்தானை அழுத்தினால் சில சமயம் தளம் திறந்துவிடும். அந்த வழியை எனக்கும் ஒருவர் சொல்லித்தந்தார். வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் எழுத வேண்டிய பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள். கடிகாரம் சரியாக இருந்தும் அவ்வறிவிப்பு வருமாயின் உண்மையிலேயே அந்தத் தளத்தை நம்பலாகாது. அப்போது அந்த எச்சரிக்கை நமக்குத் தேவை.

அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். கைக்கடிகாரக் கடை அடைப்பதற்குள் ஓடிப்போய் அண்ணன் பேட்டரி வாங்கி வந்தான். தம்பி மாற்றிக்கொடுத்தார். தளம் திறந்தது. வருமானச் சான்றிதழின் எண்ணை அவள் பதித்தபோது தாயார் பக்கத்தில் நின்று, அது ஏற்றுக்கொண்டதா, ஏற்றுக்கொண்டதா என்று இரண்டு முறை கேட்டார். ஏற்றுக்கொண்டது. உதவித்தொகையும் வந்தது. போன இரண்டு நாள் கூலி மட்டும் போனதுதான்.

இந்தப் படிப்பகத்தில் கணிப்பொறிகள் ஆறு இருக்கின்றன. நேற்று மாலை அவற்றைப் பார்த்தேன். நான்கு சரியான நேரம் காட்டுகின்றன. ஒன்று அமெரிக்க நேரத்தில் இருக்கிறது. சன்னலோரத்தில் உள்ளது நாள்தோறும் எஃப் 1 கேட்கிறது. இவ்விரண்டையும் நான் வேண்டுமென்றே திருத்தாமல் விட்டு வைத்திருக்கிறேன். தம்பி திருப்புளியோடும் புதிய பேட்டரியோடும் வந்திருக்கிறார். மாணவர்கள் மேசையைச் சுற்றி வாருங்கள். மாணவியர் முன்னால் நில்லுங்கள், மூடியை உங்களில் ஒருவர் திறக்க வேண்டும். சிறு பிள்ளைகளைக் கையிலே பிடித்துக்கொள்ளுங்கள்.